தொட்டுப் பிடிக்கும் நாரை



ராத்திரி கரண்ட் போய்விட்டது. தீப்பெட்டி எங்கே? கை அலமாரியைத் தடவுகிறது. விரலில் பட்டதும் சட்டென்று பிடித்துக்கொள்கிறோம். மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிப்பதும் இப்படித்தான். பார்த்து அல்ல, தொட்டு.

நம் திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் இதைப் பார்க்கலாம். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம். 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உலகம் மதிக்கும் ஈரநிலம் என்று அர்த்தம்.

அங்கே கரையோரம் நின்று கவனியுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் நாரை மெதுவாக நடக்கும். நீண்ட மஞ்சள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விடும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் துழாவும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். ஒளிந்திருந்த மீன் பதறி ஓடும். அலகில் பட்டதா? டப்பென்று மூடிவிடும்! தண்ணீர் கலங்கியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. தொட்டுத்தானே பிடிக்கிறது.

எனக்குக் கவலை அங்கேதான். தொட்டுத் தேடும் அலகில் மீனுக்குப் பதில் பாலிதீன் பை பட்டால்? துணிக் கிழிசல் பட்டால்? ஆற்றோரம் கொட்டுவதை மழை குளத்துக்குத்தான் இழுத்து வரும்.

பனியன் கம்பெனி நடத்துகிற அண்ணன்மாரே, அக்காமாரே! கட்டிங் வேஸ்ட்டை எடைக்குப் போடுங்கள். வாங்க நம் ஊரிலேயே ஆள் இருக்கிறது. நல்லாற்றுக் கரையில் மட்டும் கொட்டாதீர்கள்.