விதியை மாற்றும் நெறி
(ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியினரின் வேண்டுகோளுக்கிணங்க ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் மரபு. இவ்வாண்டு இளைஞர்கள் நம்மிடம் வேண்டியது வேறொன்று. அமெரிக்க நிறுவனங்களோடு இரவும் பகலும் தொடர்புகொண்டு பணிபுரியும் அவர்கள், அந்நாட்டுக் கற்பனைக் கால்பந்து ஆட்டத்தைத் தமக்குள் பத்துப் பேராகச் சேர்ந்து, காசு பணம் வைக்காமல், பொழுதுபோக்காக ஆடி வருகிறார்கள். அவ்வாட்டத்தின் விதிகளை மாற்றலாமா, மாற்றுவதாயின் எவ்வாறு மாற்றுவது நியாயம் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய மேடையா எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சேர்ந்து வாழும் மனிதர் எல்லோருக்கும் என்றேனும் ஒருநாள் எதிர்ப்படும் வினா இது. ஆதலின் பொறுமையோடு செவிசாய்க்க வேண்டுகிறோம்.

முதலில் ஆட்டம் இன்னதென்பதைச் சொல்லிவிடுவோம். 1962ஆம் ஆண்டில், ஓக்லண்டு நகரத்துக் கால்பந்து அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான வில்பிரெட் விங்கன்பாக் என்பவர், நியூயார்க்கு நகரில் தங்கியிருந்தபோது நண்பர் சிலரோடு கூடி வகுத்த ஆட்டம் இது. அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று; பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. மெய்யான களத்தில் ஆடும் வீரர்களை, பார்வையாளராகிய நண்பர்கள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்து தமக்கென ஒரு கற்பனை அணி அமைத்துக்கொள்வர். அவ்வீரர்கள் களத்தில் காட்டும் திறம், தேர்ந்தவரின் கணக்கில் புள்ளிகளாக ஏறும். பருவத்தின் முடிவில் முந்தி நிற்பவர் வென்றவர்.

பெரும்பாலான குழுக்களில் ஆண்டு முடிந்ததும் கணக்கும் முடிந்துவிடும். மறு ஆண்டு யாவரும் வெறுங்கையோடு தொடங்குவர். ‘கீப்பர் லீக்’ என்று வழங்கும் தக்கவைப்பு முறையில் அவ்வாறன்று. ஒவ்வொருவரும் குறித்த எண்ணிக்கை வீரர்களை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு விலையும் உண்டு. பத்தாம் சுற்றில் எடுத்த வீரரைத் தக்கவைத்தால், மறு ஆண்டில் பத்தாம் சுற்றுத் தேர்வை இழக்க வேண்டும் என்பது பரவலான வழக்கங்களுள் ஒன்று. ஆகவே, எவரும் நாடாத இளைஞர் ஒருவரைக் கடைசிச் சுற்றுகளில் எடுத்துப் பொறுமையோடு காத்திருப்பவர்க்கு, அவ்விளைஞர் பெருவீரராக வளரும்போது பெரும்பயன் கிட்டும். இந்த முறையின் சுவையே அதுதான். நேற்றைய அறிவு இன்றைய உடைமையாகிறது.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. 2017ஆம் ஆண்டில் பேட்ரிக் மஹோம்ஸ் என்னும் இளைஞர் கான்சாஸ் சிட்டி அணியில் சேர்ந்தார். அணியை நடத்திப் பந்தெறியும் ‘குவார்ட்டர்பேக்’ அவர். முதற்பருவத்தில் அவர் தொடக்க வீரராக இறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில். மறு ஆண்டில் அவரே 50 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்து, அப்பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசையும் பெற்றார். 2018 பருவம் தொடங்குமுன் அவரைத் தொலைநோக்கோடு ஒரு கடைசிச் சுற்றில் எடுத்துவைத்த நண்பர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் ஏனைய ஒன்பது பேரும் கூடி, “இனி எவரையும் ஓராண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது” என்று தீர்மானம் இயற்றுகிறார்கள். ஒன்பதுக்கு ஒன்று, பெரும்பான்மையில் குறைவில்லை. கூட்டம் முறைப்படி கூடிற்று. வாக்கு முறைப்படி எண்ணப்பட்டது. ஆயினும் அந்த ஒருவர் ஏமாற்றப்பட்டார் என்பதை இங்குள்ள சிறுவனும் சொல்லிவிடுவான். ஏன்? நேற்று அவர் வேறு வீரர்களை விட்டுவிட்டு இவரை எடுத்ததே, நீண்ட காலம் வைத்துக்கொள்ளலாம் என்று விதி கூறியதை நம்பித்தான். விதி என்பது இங்கே ஒரு வாக்குறுதி. அதை நம்பி ஒருவர் விலை கொடுத்த பின் வாக்குறுதியைத் திரும்பப் பெறுவது, கொடுத்த கடனை மறுப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் விதியை என்றுமே மாற்றக்கூடாதோ? அதுவும் நியாயம் ஆகாது. மூவர் கையில் மிகச் சிறந்த வீரர்கள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால், புதிதாகச் சேர்பவர்க்கு வெல்லும் வழியே இராது. சில ஆண்டுகளில் அவர் சலித்து விலகுவார், குழு கலையும். மாற்றத்துக்குத் தடை கூறும் மூவரும், “வாக்குறுதி, வாக்குறுதி” என்றே சொல்லிக்கொண்டிருப்பர். பழைய விதி ஒருவரின் அரணாக இருப்பது போலவே, மற்றொருவரின் சிறையாகவும் இருக்கக்கூடும். ஆகவே வினா, மாற்றலாமா என்பதன்று; எப்போது, எவர் முடிவால், எந்த நாளிலிருந்து என்பதே.

இதே ஆட்டம் பேரளவில், பெருஞ்செல்வத்தோடு, நம் நாட்டிலேயே நடப்பதை அனைவரும் காண்கிறோம். ஐ.பி.எல். கிரிக்கெட்டின் முதல் ஏலம் நாம் வாழும் இந்த மும்பை மாநகரில்தான் 2008 பிப்ரவரி 20ஆம் நாள் நடந்தது. அன்று சென்னை அணி தோனியை 15 இலட்சம் டாலருக்கு எடுத்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் இல்லங்களில், அன்றுமுதல் தந்தை ஓரணி, பிள்ளை ஓரணி என்னும் இனிய பூசல் இருந்துவருகிறது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அணிகளைக் கலைத்துப் பெரிய ஏலம் நடத்துவது இங்கு வழக்கம். அதற்குமுன் ஓரணி எத்தனை பேரைத் தக்கவைக்கலாம் என்னும் விதி பலமுறை மாறியுள்ளது. 2011இல் நால்வர், 2014இல் ஐவர், 2018இல், ஏலத்தில் பிறர் கூறிய விலைக்கு ஈடுகொடுத்துத் தம் வீரரை மீட்கும் உரிமையையும் சேர்த்து ஐவர், 2022இல் அவ்வுரிமையின்றி நால்வர், 2025ஆம் பருவத்துக்கு அவ்வுரிமையோடு அறுவர். 2022இல் லக்னோ, குஜராத் என இரண்டு புதிய அணிகள் சேர்ந்தபோது, ஏலத்துக்குமுன் மும்மூன்று வீரர்களைத் தேர்ந்துகொள்ள அவற்றுக்கு வழி செய்யப்பட்டது. புதியவர் வெறுங்கையராய் நிற்கலாகாது என்னும் எண்ணம் போற்றத்தக்கது. இம்மாற்றங்கள் யாவும் பெரிய ஏலத்தின் எல்லைக்கோட்டில் நிகழ்ந்தன; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த காலத்தின் நடுவில் நிகழவில்லை. இதனை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இனி நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு செய்தியைச் சற்று நடுநிலையோடு ஆராய்வோம். 2024 செப்டம்பர் 28ஆம் நாள் வெளிவந்த விதிகளுள் ஒன்று, ஐந்து ஆண்டுகளாகப் பன்னாட்டு ஆட்டத்தில் தொடக்க அணியில் இடம்பெறாமலும் வாரியத்தின் ஒப்பந்தம் இல்லாமலும் இருக்கும் இந்திய வீரரை, பன்னாட்டு ஆட்டம் ஆடாதவர் வகையில் சேர்த்துக் குறைந்த விலையில் தக்கவைக்கலாம் என்றது. தோனி கடைசியாகப் பன்னாட்டு ஆட்டம் ஆடியது 2019 ஜூலையில். 2022இல் 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டவர், இவ்விதியால் 4 கோடிக்குச் சென்னை அணியிலேயே தொடர்ந்தார். மிச்சமான பணம் ஏலத்தில் அணிக்கு உதவிற்று. அவரை மீண்டும் மஞ்சள் உடையில் கண்டதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் மகிழ்ச்சி வேறு, முறை வேறு. விதியின் சார்பில் சொல்லத்தக்கவை பல உண்டு. 2021 வரை இருந்து நீக்கப்பட்ட பழைய விதியே இது. எல்லா அணிகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. ராஜஸ்தான் அணியும் சந்தீப் சர்மாவை இதன்படியே 4 கோடிக்குத் தக்கவைத்தது. பட்டியல் தரும் கடைசி நாளாகிய அக்டோபர் 31க்கு ஒரு மாதம் முன்னரே அறிவிக்கப்பட்டது. இத்தனை இருந்தும், அது மீண்டும் பிறந்த வேளையில் எவர்க்கு நன்மை என்பதை நாடே பெயர் சொல்லிக் கூற முடிந்தது. பயன்பெறுவோர் முகம் தெரியும் நாளில் இயற்றும் விதி, எவ்வளவு செம்மையாயினும் ஐயத்திலிருந்து தப்புவதில்லை. அதே விதியை ஒரு சுழற்சிக்கு முன்னர் இயற்றியிருந்தால் எவரும் வாய் திறந்திரார்.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் அதே ஏலத்தில் கண்டோம். மீட்கும் உரிமையை ஓரணி பயன்படுத்தினால், அதிக விலை கூறியவர் இன்னும் ஒருமுறை விலையை உயர்த்தலாம் என்று 2024இன் விதிகள் மாற்றின. நவம்பர் 24ஆம் நாள் ஜெட்டா நகரில் ரிஷப் பந்துக்கு லக்னோ அணி 20.75 கோடி கூறிற்று. தில்லி அணி தன் உரிமையைக் கையில் எடுத்தது. லக்னோ ஒரே பாய்ச்சலில் 27 கோடிக்கு உயர்த்த, தில்லி விலகிக்கொண்டது. தில்லிக்கு இழப்பு பெரிதே. ஆயினும் இரண்டு மாதங்களுக்கு முன்பே விதியை அறிந்து, தக்கவைப்பதா ஏலத்துக்கு விடுவதா என்று எண்ணிப் பார்த்து முடிவெடுத்த அணி அது. அறிந்து ஏற்ற இடரில் தோற்றவர்க்கு வருத்தம் உண்டு, முறையீடு இல்லை.

வரிசைமுறையும் பெரிது. ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றிக்கொள்ளும் ‘இம்பேக்ட் பிளேயர்’ விதி 2023ஆம் பருவத்தில் வந்தது. அணிகள் பட்டியல் தரவேண்டிய நாள் 2022 நவம்பர் 15. விதி உலகறிய அறிவிக்கப்பட்டது டிசம்பர் மாதத்தில். ஏலம் கொச்சியில் டிசம்பர் 23இல். மட்டையும் பந்தும் கைவந்த பல்துறை வீரரின் மதிப்பையே அசைக்கத்தக்க விதி, பட்டியலுக்கு முன்னர் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். பின்னர் 2024 செப்டம்பரில், அவ்விதி 2027 வரை தொடரும் என்று முன்கூட்டியே கூறப்பட்டது. அதுவே முறை.

இவற்றிலிருந்து நம் இளைஞர்களுக்குச் சில நெறிகளை எடுத்துரைப்போம்.

முதலாவது, இன்றைய உடைமைகள் முடியும் நாளுக்கு அப்பால் புதிய விதி தொடங்கட்டும். ஒரு வீரரை மூன்றாண்டு வைத்துக்கொள்ளலாம் என்பது இன்றைய விதியாயின், மாற்றம் மூன்றாண்டு கழித்து வரட்டும். அன்று எவர் கையில் எவர் இருப்பர் என்பது எவர்க்கும் தெரியாது. தம் இலாபம் தெரியாத நிலையில் வாக்களிக்கும் மனிதர், தாமாகவே நடுவராகிவிடுகிறார். அவ்வளவு காத்திருக்க இயலாதாயின், கைவசமுள்ள வீரர்களுக்கு மட்டும் பழைய விதி நிற்கட்டும். இனி எடுப்போர்க்குப் புதியது.

இரண்டாவது, பத்துப் பேரில் ஆறு பேர் போதாது. எட்டுப் பேர் இசையட்டும். ஆனால் பத்துப் பேரும் இசைய வேண்டும் என்பது, ஒருவர் கையில் பூட்டைக் கொடுப்பதாகும்.

மூன்றாவது, சிறு மாற்றம் என்று எதையும் எளிதாகக் கொள்ளற்க. அணியில் ஒரு குவார்ட்டர்பேக்குக்கு இருந்த இடத்தை இருவருக்கு விரித்தால், அத்தகையோர் இருவரை வைத்திருப்பவர் ஒரே இரவில் செல்வராவார். பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி என்றால், ஓடுவோரின் மதிப்பு இறங்கிப் பிடிப்போரின் மதிப்பு ஏறும். எண்ணிக்கையைத் தொடாமலே உடைமையைத் தொடும் விதிகள் இவை.

நான்காவது, முடிந்த ஆட்டத்தைத் தொடாதீர். 2019 ஜூலை 14ஆம் நாள் உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் அதன் சூப்பர் ஓவரும் சமமாக முடிய, பவுண்டரிகளின் எண்ணிக்கையில் முந்திய இங்கிலாந்து வென்றதாயிற்று. விதி பொருந்தாதென உலகம் கூறிற்று. அக்டோபரில் விதி மாறிற்று. கோப்பை மாறவில்லை. இரண்டும் சரியே.

எவரும் எண்ணாத நேர்ச்சி வரின் என் செய்வது? 2023 சனவரி 2ஆம் நாள் பஃபலோ, சின்சினாட்டி அணிகள் ஆடியபோது டாமர் ஹாம்லின் என்னும் வீரர் இதயம் நின்று களத்தில் வீழ்ந்தார். நல்வினையாக உயிர் பிழைத்தார். ஆட்டம் கைவிடப்பட்டது. கற்பனைக் குழுக்கள் பலவற்றுக்கு அதுவே இறுதி வாரம். அத்தகைய வேளையில் நடுவே விதி செய்யத்தான் வேண்டும். அப்போது அதைச் செய்பவர் அவ்வாட்டத்தில் பங்கில்லாதவராய் இருக்கட்டும். பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்வதிலும் இழிவில்லை.

பெரியோர்களே, இவை விளையாட்டோடு முடியவில்லை. நம் சங்கம் போன்ற அமைப்புகளிலும் ஒருமுறை பணம் செலுத்தி ஆயுள் உறுப்பினரானவர் உண்டு. செலவு ஏறுகிறது என்பதற்காக அவரிடம் மீண்டும் கேட்க இயலுமா? புதிதாகச் சேர்பவர்க்குக் கட்டணத்தை உயர்த்தலாம்; பழையவர்க்குக் கொடுத்த சொல் நிற்க வேண்டும். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இந்நகரில் உறவு என்பது பெரும்பாலும் இத்தகைய கூட்டங்களே. பெரும்பான்மையின் பலத்தால் ஒருவரைத் தோற்கடித்து அனுப்பினால், ஆட்டத்தில் ஓர் இடம் மட்டும் காலியாவதில்லை. பொங்கல் விழாவிலும் ஒரு குடும்பம் குறையும்.

ஆகவே இளைஞர்களே, மாற்றம் வேண்டின் தயங்காது மாற்றுங்கள். புதிய விதியை எழுதும் தாளிலேயே அது தொடங்கும் ஆண்டையும் எழுதுங்கள். இன்று இழக்கக்கூடியவர் எவரோ, அவரிடமே அத்தாளை முதலில் காட்டுங்கள். அவர் முகம் கோணாமல் கையொப்பமிடுவாராயின், ஏனையோர் ஒப்பம் தானே வரும்.