கடற்கரைப் படங்களின் நாயகி

திரைப்பட உலகிலே ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு மோகம் உண்டு. அமெரிக்க நாட்டிலே 1963ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள், கடற்கரைப் படங்கள் என வழங்கிய ஒருவகைச் சித்திரங்கள் இளைஞர் கூட்டத்தைத் தம்பால் ஈர்த்து நின்றன. கதை என்று சொல்லத்தக்க கதை அவற்றில் இல்லை. கலிபோர்னியாக் கரையில் விடுமுறையைக் கழிக்க வந்த இளைஞரும் யுவதியரும் ஆடுவர், பாடுவர், பலகையேறி அலைகளின்மேற் சறுக்குவர், ஊடுவர், படம் முடியுமுன் கூடுவர். பெற்றோர் எவரும் அங்கே தலைகாட்டுவதில்லை. பள்ளிக்கூடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. அப்படங்களின் கதைகளை நினைவில் வைத்திருப்போர் இன்று மிகச் சிலரே. ஆயினும் அவற்றின் நாயகியான அனெற் பூனிச்செல்லோவை அந்நாட்டில் ஒரு தலைமுறையினர் மறந்தாரில்லை. அவரை அவர்கள் திரையிற் காண்பதற்கு முன்னரே தங்கள் வீட்டுக் கூடத்தில், குழந்தைப் பருவத்துத் தோழியாகக் கண்டு பழகியிருந்தார்கள்.

அனெற் 1942ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 22ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்து யூற்றிக்கா நகரிலே, இத்தாலிய வழிவந்த குடும்பம் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் மோட்டார் வண்டி திருத்தும் தொழிலாளி. குழந்தைக்கு நான்கு வயதாக இருந்தபோது குடும்பம் தென் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அயலவரைக் கண்டால் ஒதுங்கும் சுபாவம் மகளிடத்தில் இருந்தமையால், அக்கூச்சத்தைப் போக்கும் பொருட்டு அவரை நடனமும் இசையும் பயில அனுப்பினர்.

அந்த நடனமே அவருடைய வாழ்வைத் திருப்பியது. 1955ஆம் ஆண்டிலே பேர்பாங்க் நகரின் திறந்தவெளி அரங்கொன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அவர் 'அன்ன ஏரி' நடனம் ஆடினார். பார்வையாளரிடையே வோல்ற் டிஸ்னி அமர்ந்திருந்தார். 'மிக்கி மவுஸ் கழகம்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அவர் அப்போது பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டிருந்த காலம். ஏனைய பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் பணியை உதவியாளரிடம் விட்டிருந்த டிஸ்னி, இந்த ஒரு சிறுமியைத் தாமே கண்டு தெரிவு செய்தார் என்பர்.

அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி அந்நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. சுண்டெலிக் காது பொருத்திய தொப்பியும், மார்பிலே பெயர் பொறித்த சட்டையும் அணிந்து பிள்ளைகள் ஆடிப் பாடினர். கடைசியாக வந்து சேர்ந்த அனெற் சில மாதங்களுள் யாவரினும் முதன்மை பெற்றார். மாதந்தோறும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் அவர் பெயருக்கு வந்து குவிந்தன. அவர் திறமை மிக்க நடிகையும் அல்லர். ஒப்பற்ற பாடகியும் அல்லர். பக்கத்து வீட்டுப் பெண் போல இருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

அக்காலத்துச் செய்திகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. பூனிச்செல்லோ என்ற குடும்பப் பெயர் பிறர் நாவில் எளிதிற் புரளாதது கண்டு, ஓர் ஆங்கிலப் பெயரைச் சூடிக்கொள்ள அனெற் விரும்பினாராம். ஒருமுறை கற்றுக்கொண்டால் மக்கள் அப்பெயரை மறக்கவே மாட்டார்கள் என்று சொல்லி டிஸ்னி தடுத்துவிட்டார். பிறிதொருமுறை, தமது கூச்சத்தைப் போக்க மனநல வைத்தியரை நாடலாமா என்று அனெற் கேட்டபோது, அந்தக் கூச்சமே உன் கவர்ச்சி, அதைப் போக்கினால் மக்கள் விரும்பும் ஒன்று போய்விடும் என்ற கருத்திலே அவர் மறுமொழி கூறினார் என்பர். முதலாவது யோசனை நல்ல யோசனைதான். இரண்டாவதைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. ஒரு பெண் தன்னை வருத்துவதாக எண்ணிய ஒன்றை, பிறர் விரும்புகின்றனர் என்பதற்காகவே சுமந்துகொண்டிருக்குமாறு அன்று அன்போடு பணிக்கப்பட்டார்.

இசைத்தட்டு உலகிலும் அவர் புகுந்தார். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரோல் போல்' என்னும் பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம்வரை ஏறியது. அவருடைய குரலோ மெலிந்த குரல். ஆகவே ஒலிப்பதிவாளர் அவரை ஒரே பாட்டை இருமுறை பாடச் செய்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து, எதிரொலியும் கூட்டினர். அதனால் உண்டான தடித்த இனிமையே நாளடைவில் அவருக்குரிய தனி ஓசையாயிற்று. அப்பாட்டின் வெற்றி கண்டே டிஸ்னி, அதனை ஆக்கியோருள் இருவரான ஷேர்மன் சகோதரரைத் தம் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் 'மேரி பொப்பின்ஸ்' படத்துக்கு இசையமைத்து ஒஸ்கார் விருதுகள் பெற்றவர்கள் அவர்களே.

1963ஆம் ஆண்டிலே, குறைந்த செலவிற் படம் பிடித்து இளைஞருக்கு விற்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கன் இன்ரநாஷனல் பிக்சேர்ஸ் நிறுவனம் 'பீச் பார்ட்டி' என்னும் படத்தைத் தயாரித்தது. நெறியாளர் வில்லியம் ஆஷர். நாயகன் பிராங்கி அவலோன் என்னும் பாடகர். டிஸ்னி நிறுவனத்தோடு ஒப்பந்தமுற்றிருந்த அனெற், அதன் இசைவோடு இப்படத்தில் நடித்தார். இசைவளித்த டிஸ்னி, நாபி தெரியும் குளியலுடையை அவர் அணியலாகாது என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்வர். படத்தின் பெயரே பலருக்கு அந்த உடையைத்தான் நினைவூட்டும்; நாயகியோ சுற்றியிருந்த பெண்களைக் காட்டிலும் அடக்கமாக உடுத்து அவர்கள் நடுவே நின்றார். கதையிலும் அவ்வாறே. நாயகன் அலைச்சறுக்கே வாழ்வென்று திரிவான். நாயகி திருமணப் பேச்சை எடுப்பாள். இந்த ஒரு பிணக்கையே முதலாக வைத்து 'மசில் பீச் பார்ட்டி', 'பிக்கினி பீச்', 'பீச் பிளாங்கற் பிங்கோ' என்று படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றின் ஓரங்களிலே நல்ல வித்தகர்கள் சிலரையும் காணலாம். சிறுவனாயிருந்த ஸ்டீவி வொண்டர் பாடுகிறார். மௌனப்பட காலத்து மேதை பஸ்ரர் கீற்றன் தமது முதுமையில், இந்த ஆரவாரத்தின் நடுவே ஓடி விழுந்து சிரிப்பூட்டுகிறார். அந்தச் சில நிமிடங்களுக்காகவேனும் அப்படங்களைப் பார்க்கலாம்.

1965ஆம் ஆண்டு தொடக்கத்தில் அனெற் தமது முகவரான ஜாக் கிலார்டியை மணந்தார். அவ்வாண்டு வெளிவந்த இறுதிக் கடற்கரைப் படத்தில் நடித்தபோது அவர் கருவுற்றிருந்தார். கன்னிப்பெண்ணாக நடிக்கும் நாயகியின் நிலை வெளித்தோன்றாதபடி, தளர்ந்த உடைகளாலும் முன்னே வைத்த பொருள்களாலும் உடலை மறைத்துப் படம் பிடித்தார்கள். படப்பிடிப்பு நிலையங்களில் இது புதுமையன்று. ஆனால் உடலின் உண்மையைப் பிறர் கண்ணினின்று மறைத்தல் அவருடைய வாழ்வில் அத்தோடு முடியவில்லை.

அதன்பின் மூன்று குழந்தைகளுக்குத் தாயாகிய அவர், திரையிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கி இல்லறத்திற் கவனம் செலுத்தினார். 1970களின் இறுதியில் நிலக்கடலை வெண்ணெய் விளம்பரங்களில், பிள்ளைகளுக்கு உணவூட்டும் தாயாகத் தொலைக்காட்சியில் மீண்டும் தோன்றியபோது, அன்று கடிதம் எழுதிய சிறுவர்கள் தாமும் பெற்றோராகி அவரைப் பார்த்தனர். முதல் மணவாழ்வு முறிவுற்ற பின்னர், 1986இல் கிளென் ஹோல்ற் என்பாரை மணந்தார்.

1987இல் அவரும் அவலோனும் நடுத்தர வயதுத் தம்பதியராக நடித்த 'பாக் ரு த பீச்' என்னும் படம் வெளிவந்தது. தங்கள் பழைய படங்களைத் தாங்களே பரிகசித்துக்கொள்ளும் படம் அது. பழையவற்றினும் இது நன்று என்று சொல்வாரும் உளர். அப்படப்பிடிப்பின்போதுதான் கால் தடுமாறுவதையும் நிலை தளர்வதையும் அனெற் உணரத் தொடங்கினார். மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்று வைத்தியர் கண்டறிந்தனர். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கும் ஓர் உறை உண்டு. உடலின் காவற்படையே அவ்வுறையைப் பகையென்று கருதி அரித்துவிடுவது இந்நோய். மூளை இடும் கட்டளை காலுக்கும் கைக்கும் நாவுக்கும் செவ்வனே சென்று சேராது. ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. இதன் போக்கைத் தணிக்கும் முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதே 1993ஆம் ஆண்டிற்றான்.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் இதனை வெளியிட்டாரல்லர். அவலோனோடு நாடெங்கும் இசை நிகழ்ச்சிகளும் நடத்தினார். மேடையில் அவர் தள்ளாடியதைக் கண்டோர் மது அருந்திவிட்டு வந்திருக்கிறார் என்று பேசத் தலைப்பட்டனர். குழந்தைகளின் தோழி என்று பெயரெடுத்தவருக்கு நோயினும் கொடியது அப்பேச்சு. 1992ஆம் ஆண்டிலே அவர் உண்மையைத் தாமே வெளியிட்டார்.

சிலர் இதனை வதந்திக்கு அஞ்சிச் செய்த செயல் என்பர். இருக்கலாம். ஆனால் அவ்வாறு வெளியிட்டபின் அவர் ஒளிந்துகொள்ளவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கைத்தடியோடும், பின்னர் சக்கர நாற்காலியோடும் மக்கள்முன் வந்தார். 1993இல் நரம்பு நோய் ஆராய்ச்சிக்காகத் தமது பெயரில் ஒரு நிதியம் நிறுவினார். 1994இல் தன்வரலாற்று நூல் வெளியிட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து பிறர் வகுத்த தோற்றத்திலேயே மக்கள்முன் நின்ற ஒருவர், வகுப்பார் எவருமின்றித் தோன்றிய காலம் அதுவே. இவற்றோடு ஒப்பிட்டால் அலைகளும் பாட்டுகளும் சிறியனவாகவே தோன்றும்.

நோய் தன் வழியே சென்றது. முதலில் நடை நின்றது. சில ஆண்டுகளின்பின் பேச்சும் நின்றது. 2012ஆம் ஆண்டில் அவருடைய கணவர், கனடியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின்வழி மனைவியின் நிலையை உலகுக்குக் காட்டினார். இந்நோயின் கொடுமையை மக்கள் உணரவேண்டும் என்பது அவர் எண்ணம். படுக்கையிற் கிடக்கும் ஒருவரைப் படம்பிடித்துக் காட்டலாமா என்று மனம் நொந்த இரசிகரும் இருந்தனர். அவ்வினாவுக்கு விடை சொல்லக்கூடிய ஒருவர் அப்போது பேச இயலாதவராக இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த செயலை வைத்தே ஒவ்வொருவரும் ஊகிக்க வேண்டியதாயிற்று.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8ஆம் திகதி, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரிலுள்ள வைத்தியசாலையில், தமது எழுபதாவது வயதில் அனெற் பூனிச்செல்லோ காலமானார். சிறுமியாக அவரைச் சேர்த்துக்கொண்ட டிஸ்னி நிறுவனமே, 58 ஆண்டுகளின்பின் அச்செய்தியையும் உலகுக்கு அறிவித்தது.