கொல்லைப்புறத்தில் கொல்லாமை
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு கொல்லாமை. இதனைப் பற்றி நூல்கள் கூறுவனவற்றை என்னினும் நன்கறிந்தோர் பலர் இவ்வவையில் உள்ளனர். ஆதலின், நம் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் எதிர்ப்படக்கூடிய ஒரு நிலைமையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நோயுற்ற காட்டுயிர் ஒன்று நம் கொல்லைக்கு வந்துவிட்டால் நாம் செய்யத்தக்கது யாது? செய்யத்தகாதது யாது?

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் வயலும் தோப்புமாக வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று சென்னைப் புறநகர்களில் குடியேறியுள்ளன. நேற்றுவரை ஏரிக்கரையாகவும் புதர்க்காடாகவும் கிடந்த நிலங்கள் இன்று மனைப்பிரிவுகள். நாம் குடிபுகுந்தோம், ஆனால் முன்பே அங்கே குடியிருந்த உயிர்கள் எங்கும் போய்விடவில்லை. பகலில் கீரி நம் மதிலோரம் ஓடுகிறது. இரவில் மரநாய் நம் ஓட்டின் மீது நடக்கிறது. பெயரில் நாய் என்று இருப்பினும் மரநாய் நாயினத்தைச் சேர்ந்ததன்று, புனுகுப்பூனையின் உறவு. பழமும் பூச்சியும் எலியும் உண்ணும். தின்ற பழத்தின் விதைகளை எச்சத்தோடு தொலைவில் இட்டு மரம் வளர்க்கும். இருள் விலகுமுன் மறைவிடம் சேர்ந்துவிடும். அத்தகைய உயிர் பட்டப்பகலில் நம் கண்முன் அசையாது அமர்ந்திருந்தால், அது இயல்பான காட்சி அன்று.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் காலை, எங்கள் கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே மரநாய் ஒன்று அவ்வாறு அமர்ந்திருந்தது. ஆள் நடமாட்டம் கண்டும் ஓடவில்லை. எழ முயன்று தள்ளாடி விழுந்தது. சிறிது நேரத்தில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டனர். ஒருவர் கழியோடு வந்தார். மற்றொருவர், சாக்கைப் போர்த்திப் பிடித்து ஏரிப் பக்கம் விட்டுவிடலாம் என்றார். என் பேரன் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தில் பால் கொண்டு வந்தான். "தாத்தா, பசியாலதான் விழுது. குடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

கழி எடுத்தவரைத் தடுப்பது எளிதாக இருந்தது. பால் எடுத்தவனைத் தடுப்பதுதான் கடினமாக இருந்தது. அவன் நெஞ்சில் இருந்தது நாம் அவனுக்குக் கற்பித்த அருளன்றோ! ஆயினும் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு அவனை உள்ளே அனுப்பினேன். தெருநாய்கள் நுழையாதபடி வாயிலை அடைத்தோம். கூடியிருந்தோரைக் கலைந்து போகச் செய்தோம். வனத்துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். அவர்கள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை என் துணைவியார் கம்பிக் கதவுக்கு உள்ளே அமர்ந்து, தாழ்ந்த குரலில் பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்த பணியாளர்கள் தடித்த கையுறை அணிந்து, வலையிட்டுக் கூண்டில் ஏற்றிச் சென்றனர். அன்றிரவே அது இறந்துவிட்டது என்று மறுநாள் அறிந்தோம்.

பேரன் கேட்டான்: "பால் குடுத்திருந்தா பொழச்சிருக்குமா?"

இவ்வினாவுக்கு அன்பு மட்டும் விடை கூற இயலாது, அறிவும் வேண்டும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மூன்றினையும் நம் முன்னோர் மும்மணி எனச் சேர்த்தே வைத்தனர். காட்சிக்கும் ஒழுக்கத்துக்கும் நடுவே ஞானத்தை வைத்த முறையை எண்ணிப் பாருங்கள்.

பகலில் தள்ளாடும் காட்டு விலங்குக்கு நேர்ந்திருக்கக்கூடியவை பல. அவற்றுள் மூன்றினை இங்கே சொல்கிறேன். முதலாவது வெறிநோய். இது நாய்க்கு மட்டும் உரிய நோய் அன்று. கீரி, நரி, குரங்கு எனப் பாலூட்டிகள் எவற்றுக்கும் வரலாம். நோயுற்ற விலங்கு எப்போதும் சீறிப் பாயும் என்று எண்ணுதல் தவறு; அச்சம் நீங்கிச் சாதுவாக அமர்ந்திருப்பதும் அந்நோயின் ஒரு வடிவமே. இரண்டாவது டிஸ்டெம்பர் எனப்படும் நச்சுயிரி நோய். இது மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் நாயிடமிருந்து காட்டுயிர்களுக்குப் பரவி மூளையைத் தாக்கும். 2018-ஆம் ஆண்டில் குசராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றுட் சிலவற்றில் இந்நச்சுயிரி கண்டறியப்பட்டது. மூன்றாவது நஞ்சு. தொலைவில் நின்று பார்க்கும் நமக்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே எதனையும் வெறிநோயாகவே கருதி விலகி நிற்றல் வேண்டும்.

வெறிநோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆனால் தோன்றுமுன் தடுத்தல் நம் கையில் உள்ளது. கடியோ கீறலோ பட்டால், வாயின் உமிழ்நீர் புண்ணில் பட்டாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாயோ தடவுதல் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறும் தவணைகள் அனைத்தையும் தவறாது போட்டுக்கொள்ளுதல் வேண்டும். 1907-ஆம் ஆண்டில் குன்னூரில் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிறுவனம் இந்நோய்த் தடுப்புக்காகவே எழுந்தது. நூறாண்டுக்கு மேலாக மருந்து நம் அருகிலேயே இருந்தும் அறியாமையால் உயிர்கள் போவது வருந்தத்தக்கது.

இனிப் பாலைப் பற்றி. தள்ளாடும் விலங்குக்கு விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். வாயில் ஊற்றிய பாலோ நீரோ மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலை அடைக்கும். பசும்பால் பல காட்டுயிர்களுக்குச் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கை உண்டாக்கி எஞ்சிய வலுவையும் போக்கிவிடும். கையால் பிடிப்பதும் கொடிது. மானைத் துரத்திப் பிடித்தால், பின்னர் அது அச்சத்தாலும் தசைச் சிதைவாலும் இறப்பதுண்டு. நாம் தடவிக் கொடுக்கும் கை அதற்கு ஆறுதல் அன்று, புலியின் வாய். மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிரைப் பிடித்து வீட்டில் வளர்த்தல் குற்றமாகும். எனவே பேரனிடம், "பொழச்சிருக்காது கண்ணா, நீ பக்கத்துல போகாம இருந்ததுதான் அதுக்கு நீ செஞ்ச உதவி" என்றேன்.

அறிவில்லாத அருள் எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. நோவுற்ற மாடுகளின் வலி தீர்க்க டைக்ளோபினாக் என்னும் மருந்தைக் கொடுத்தனர். நல்ல எண்ணந்தான். அம்மாடுகள் இறந்தபின் அவற்றின் உடலை உண்ட பாறுக் கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. இந்தியாவில் பாறுகளின் சில இனங்கள் 90 விழுக்காட்டுக்கும் மேலாக அழிந்தன. காரணம் 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. ஓருயிரின் வலிக்கு இரங்கிய கை, வேறோர் இனத்தையே வேரறுக்க இருந்தது.

அந்த மரநாயின் உடலை ஆராய்ந்த மருத்துவர், வெறிநோய் இல்லை என்றும், உடலினுள்ளே குருதி கசிந்திருந்தது என்றும், எலி நஞ்சு காரணமாக இருக்கக்கூடும் என்றும் கூறியதாகச் சில நாள் கழித்து வனத்துறையினர் தெரிவித்தனர். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் புரோமடியோலோன் போன்ற நஞ்சுகள் எலியை உடனே கொல்வதில்லை. குருதி உறையும் தன்மையைக் கெடுத்துச் சில நாட்களில் கொல்கின்றன. அந்நாட்களில் எலி சோர்ந்து, எளிய இரையாகிறது. அதனைப் பிடித்துண்ணும் ஆந்தை, கீரி, மரநாய், பூனை ஆகியவற்றின் உடலில் அந்நஞ்சு சேர்கிறது. எங்கள் தெருவில் புலால் உண்ணாத இல்லங்கள் பல உண்டு. எலி மருந்து வைக்காத இல்லங்கள் எத்தனை உண்டு என்று என்னால் சொல்ல இயலவில்லை.

தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என வினை மூவகையாலும் வந்து சேரும் என்று நம் நெறி கூறுகிறது. கடையில் வாங்கிப் பரணில் வைத்த அந்தச் சிறு பொட்டலம் இம்மூன்றனுள் எதில் அடங்கும்? விழிப்பின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. கத்தியை எடுத்தவனை நாம் எளிதில் இனங்காண்கிறோம். விழிப்பின்மையை இனங்காண்பதுதான் அரிது.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், சோற்றைத் தொட்டதற்காக அடியுண்டு சாகக் கிடந்த நாயைச் சீவகன் காண்கிறான். அதன் செவியில் நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. அந்நாயின் உயிரைச் சீவகனால் மீட்க இயலவில்லை என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. பிழைக்க வழியில்லாத உயிர்க்கும் தரத்தக்கது ஒன்று உண்டு, அது அமைதி. கூச்சலும் கல்லெறியும் கைப்பேசிப் படமெடுப்பும் இன்றி, நிழலும் தனிமையும் தந்து, உரியவர் வரும்வரை தொலைவில் காத்திருத்தலும் அருளே. ஒன்றும் செய்யாதிருத்தல் போல் அது தோன்றும். உண்மையில் நம் ஆவலை அடக்கும் அடக்கம் அது.

இறுதியாக, இங்கு வந்துள்ள இல்லத்தரசிகளிடமும் இளைஞர்களிடமும் சில வேண்டுகோள்கள். எலிக்கு நஞ்சு வைத்தலை விடுங்கள். சுவரின் பொந்துகளை அடையுங்கள். தானியத்தை மூடியிட்ட கலங்களில் வையுங்கள். தேவையெனில் கூண்டு வையுங்கள். வளர்ப்பு நாய்க்கு வெறிநோய், டிஸ்டெம்பர் இரண்டுக்கும் தடுப்பூசி போடுங்கள். அது வீட்டையும் காக்கும், காட்டையும் காக்கும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை இன்றே கேட்டறிந்து, எரிவாயு எண்ணுக்கு அருகில் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். வாயில்லா உயிரைத் தொடாமலே உதவலாம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நீரை வடிகட்டிப் பருகவும், பொழுது சாயுமுன் உண்ணவும் நம் பாட்டிமார் நம்மைப் பழக்கினர். சமையலறையில் காத்த அந்த விழிப்பைக் கொல்லைப்புறம் வரை கொண்டு செல்லுதல் நம் தலைமுறையின் கடமை.