எந்த வயதும் ஏற்ற நடிகர்



'ஷோலே' படத்தில் ஹோலிப் பண்டிகைக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கொள்ளைக்காரன் கப்பர் சிங்கும் அவன் ஆட்களும் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள். அவனைப் பிடிக்கத் தாக்கூர் அழைத்துவந்த ஜெய்யும் வீருவும் வசமாக மாட்டிக்கொண்டார்கள். தாக்கூரின் காலடியில் ஒரு துப்பாக்கி கிடக்கிறது. குனிந்து எடுத்து வீசினால் போதும். அவர் எடுக்கவில்லை. சால்வையைப் போர்த்தியபடி நின்ற இடத்திலேயே நிற்கிறார். இந்த மனிதருக்காகவா நாம் உயிரைக் கொடுக்க வந்தோம் என்று அந்த இருவருக்கும் ஆத்திரம் பொங்குகிறது. முதல் தடவை பார்க்கும் நமக்கும் அந்த முகத்தில் கோழைத்தனம்தான் தெரிகிறது. பிறகு பழைய கதை சொல்லப்படுகிறது. தாக்கூருக்குக் கைகளே இல்லை, கப்பர் வெட்டிவிட்டான் என்பது தெரியவருகிறது.

இன்னொரு தடவை அந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்தக் காட்சியில் தாக்கூரின் முகத்தை மட்டும் கவனியுங்கள். கோழைத்தனம் என்று நாம் நினைத்ததெல்லாம் இப்போது கோபமாகவும் இயலாமையாகவும் அவமானமாகவும் தெரியும். முகம் ஒன்றுதான். கதை தெரியாதவருக்கு ஒரு பொருள், தெரிந்தவருக்கு வேறொரு பொருள். கை இல்லாமல், வசனம் இல்லாமல், கண்ணையும் தாடையையும் மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்தவர் சஞ்சீவ் குமார். 1975 ஆகஸ்ட் 15 அன்று படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 37. இளைஞன் வீருவாக நடித்த தர்மேந்திரா அவரைவிட இரண்டரை வயது மூத்தவர்.

இன்று அந்தக் கலைஞரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சொந்தப் பெயர் ஹரிஹர் ஜெத்தாலால் ஜரிவாலா. 1938 ஜூலை 9 அன்று பிறந்தவர், சூரத்தைச் சேர்ந்த குஜராத்திக் குடும்பம். திரையுலகில் நெருங்கியவர்களுக்குக் கடைசிவரை அவர் ஹரிபாய்தான். பம்பாயில் இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்தார். இருபது வயதைத் தாண்டியதும் அங்கே அவருக்கு வந்து சேர்ந்தவை கிழவர் வேடங்கள். ஒரு நாடகத்தில் ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனான அறுபது வயது மனிதர். அதை இயக்கியவர் ஏ. கே. ஹங்கல். 'ஷோலே'யில் மகனைப் பறிகொடுக்கும் கண் தெரியாத இமாமாக வந்தாரே, அவரேதான்.

சினிமாவில் 1960-இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' படத்தில் தலைகாட்டினார். 1965-இல் 'நிஷான்' படத்தில் கதாநாயகன். அடுத்த சில ஆண்டுகள் வாள் சண்டை, ராஜா வேடம் என்று கழிந்தன. அவற்றை விட்டுவிடலாம். 1968-இல் 'சங்கர்ஷ்' வந்தது. அதில் திலீப் குமாருக்கு எதிரே நின்று நடிக்கும் வாய்ப்பு. திலீப் குமாருக்கு முன்னால் நிற்கும் புதியவர்கள் அவரைப்போலவே பேசத் தொடங்கிவிடுவது அன்றைய வழக்கம். சஞ்சீவ் குமார் தன் குரலிலேயே பேசினார். பார்த்தவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

1970-இல் இரண்டு படங்கள் அவரை நிலைநிறுத்தின. ஒன்று 'தஸ்தக்'. உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேடி இயக்கியது. புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி பம்பாயில் வீடு பார்த்துக் குடியேறுகிறார்கள். முன்பு அந்த வீட்டில் இருந்தவள் ஒரு நாட்டியக்காரி. அவளைத் தேடி வரும் ஆண்கள் இரவெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சாதாரணக் குமாஸ்தா ஒருவனின் மானமும் பயமும் சந்தேகமும்தான் படம் முழுக்க. அதற்காக சஞ்சீவ் குமாருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. பரத் விருது என்று நம்மவர்களுக்குப் பழக்கமான அதே விருதுதான். அடுத்த ஆண்டு அது 'ரிக்‌ஷாக்கார'னுக்காக எம்.ஜி.ஆருக்கு வந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு மறுபடியும் சஞ்சீவ் குமாருக்கே போயிற்று, 'கோஷிஷ்' படத்துக்காக.

மற்றொன்று 'கிலோனா'. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எல்.வி. பிரசாத் தயாரித்தது. மனம் பேதலித்துப்போன கவிஞன் வேடம். அதே ஆண்டு தமிழில் அதே கதை 'எங்கிருந்தோ வந்தாள்' என்று வந்தபோது அந்த வேடத்தைச் செய்தவர் சிவாஜி கணேசன்.

சிவாஜியின் பெயர் சஞ்சீவ் குமாரின் கதையில் இன்னும் சில இடங்களில் வரும். 'நவராத்திரி'யில் சிவாஜி ஏற்ற ஒன்பது வேடங்களை 1974-இல் இந்தியில் ஏற்றவர் சஞ்சீவ் குமார். படம் 'நயா தின் நயி ராத்'. நம் ஏ. பீம்சிங் இயக்கம். அதற்கு முந்தைய ஆண்டு சிவாஜியின் 'பாரத விலாஸ்' படத்தில், இந்தியா ஒரே வீடு என்று கொண்டாடும் பாடல் காட்சியில் சிறிது நேரம் வந்துபோனார். ஒன்பது வேடப் படத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 'நவராத்திரி'யின் வீச்சு அதில் இல்லை. ஒவ்வொரு வேடத்துக்கும் நடையையும் குரலையும் அடியோடு மாற்றி அரங்கை அதிரவைப்பது சிவாஜியின் வழி. சஞ்சீவ் குமாரின் பலம் வேறு இடத்தில் இருந்தது. ஒன்பது பேராக மாறுவதைவிட, ஒரே மனிதனுக்குள் முப்பது வருஷத்தை ஓடவிடுவது அவருக்கு நன்றாக வந்தது.

அதற்குச் சாட்சி 'கோஷிஷ்'. 1972-இல் குல்ஸார் இயக்கிய படம். ஒரு ஜப்பானியப் படத்தின் தாக்கத்தில் எழுதப்பட்டது. ஹரி, ஆர்த்தி என்ற கணவன் மனைவி. இருவருக்கும் காது கேட்காது, பேச்சு வராது. முதல் குழந்தையை ஒரு மழை இரவில் இழக்கிறார்கள். குழந்தை அழுதது அவர்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். அந்தக் காயத்தோடு இரண்டாவது குழந்தை பிறக்கிறது. அதற்காவது காது கேட்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை கண்டுகொள்ளவே இல்லை. பதறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கிலுகிலுப்பைக்குள் மணியே இல்லை, அது ஒலிக்கவே இல்லை. அதைக் கண்டுபிடிக்கக்கூட அந்தத் தாய் தகப்பனுக்கு வழியில்லை.

இந்த இடத்தில் வேறொரு நடிகராக இருந்தால் நம்மை அழவைத்துவிட்டுத்தான் விடுவார். சஞ்சீவ் குமாரின் முகத்தில் பரிதாபத்துக்கான வேண்டுதல் துளியும் இல்லை. பயம் விலகியதும் ஒரு தகப்பனுக்கு வரும் அசட்டு மகிழ்ச்சி மட்டும் இருக்கிறது. படம் முழுக்க ஹரி சிரிக்கிறான், கேலி செய்கிறான், மனைவியோடு சண்டை போடுகிறான். கடைசியில் தலை நரைத்த ஹரியைப் பார்க்கிறோம். படித்து வளர்ந்த மகன், காது கேளாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள மறுக்கிறான். தகப்பனின் கைகள் ஆத்திரத்தில் பேசுகின்றன. உன்னைப் பெற்றவள் யார் என்று அந்தக் கைகள் கேட்பது நமக்கு மொழிபெயர்ப்பே இல்லாமல் புரிகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தக் கதை தமிழுக்கும் வந்தது. டி. என். பாலு இயக்கிய 'உயர்ந்தவர்கள்'. ஹரியின் இடத்தில் கமல்ஹாசன், ஆர்த்தியின் இடத்தில் சுஜாதா.

'கோஷிஷ்' படத்தில் அவருக்கு மனைவியாக நடித்த ஜெயா பாதுரி, அதே ஆண்டு வந்த 'பரிச்சய்' படத்தில் அவருக்கு மகள். மறு ஆண்டு 'அனாமிகா'வில் காதலி. 'ஷோலே'யில் விதவை மருமகள். இந்த நாலு உறவும் மூன்றே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு படத்தில்கூட ரசிகர்கள் முகம் சுளிக்கவில்லை. 1978-இல் 'திரிசூல்' வந்தது. அதில் அமிதாப் பச்சனுக்கும் சசி கபூருக்கும் அவர்தான் அப்பா. அமிதாப் அவரைவிட நாலு வயதுதான் இளையவர். சசி கபூரோ சில மாதங்கள் மூத்தவர்!

அன்றைய இந்தி சினிமாவில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைச் சொல்ல வேண்டும். கதாநாயகர்களின் பிழைப்பே வயதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் இருந்தது. நாற்பதைக் கடந்தவர்கள் கல்லூரி மாணவராக வந்தார்கள். ஒரு தடவை தலையில் வெள்ளை பூசிக்கொண்டால் பிறகு அப்பா வேடம்தான் வரும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. சஞ்சீவ் குமார் அப்பாவாக நடித்துவிட்டு அடுத்த படத்தில் காதலனாக வந்தார், 'பதி பத்னி அவுர் வோ'வில் மனைவியை ஏமாற்றும் ஆபீஸ் கணவனாக வந்து சிரிக்கவைத்தார். கதாநாயகன் என்ற நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள அவர் மெனக்கெடவில்லை. அதனாலேயே அவர் பெயரில் ஒரு ரசிகர் படை திரளவில்லை. அதனாலேயே அவருக்கு இத்தனை மனிதர்கள் கிடைத்தார்கள். அந்தப் பேரம் சினிமாவுக்கு லாபம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

குல்ஸார் அவரை விடவே இல்லை. 'ஆந்தி' பாடல்களை வானொலியில் கேட்டிராத நேயர்கள் குறைவு. அரசியல் தலைவியாகிவிட்ட மனைவி, ஆண்டுகள் கழித்து, கணவன் மேலாளராக இருக்கும் ஹோட்டலுக்கே வந்து தங்குகிறாள். சுசித்ரா சென் அந்த மனைவி. நெருக்கடி நிலைக் காலத்தில் தடை செய்யப்பட்டு, 1977-இல் ஆட்சி மாறிய பிறகே அந்தப் படம் மீண்டும் வெளிச்சம் கண்டது. அதே 1975-இல் 'மௌசம்'. கைவிட்டுப்போன காதலியைக் கால் நூற்றாண்டு கழித்துத் தேடி வரும் டாக்டர், அவளுடைய மகளைப் பாலியல் தொழிலில் காண்கிறார். ஆக, அந்த ஒரே ஆண்டில் 'ஆந்தி', 'ஷோலே', 'மௌசம்'. மூன்றிலும் நரைத்த தலை. மூன்று நரையும் வேறு வேறு மனிதர்களுடையவை.

1977-இல் சத்யஜித் ராய் தன் முதல் இந்தி–உருதுப் படத்துக்கு அவரை அழைத்தார். பிரேம்சந்தின் கதையில் பிறந்த 'சத்ரஞ்ச் கே கிலாடி'. ஆங்கிலேயர்கள் அவத் ராஜ்யத்தை விழுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் லக்னோவில் இரண்டு பிரபுக்கள் சதுரங்கமே கதியென்று கிடக்கிறார்கள். மனைவி காய்களை ஒளித்துவைத்துவிட்டால், சமையலறையிலிருந்து காய்கறியைக் கொண்டுவந்து கட்டங்களில் அடுக்கி ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். ஒரு தக்காளியை நகர்த்தும்போது சஞ்சீவ் குமார் முகத்தில் தெரியும் ராஜதந்திரம் ஒன்று போதும், அந்த வர்க்கம் எப்படி நாட்டைப் பறிகொடுத்தது என்று புரிந்துவிடும்.

எழுபதுகளின் இறுதியில் உடம்பு கனத்தது, வேலை குவிந்தது, ஏனோதானோ என்று நடித்துவிட்டுப் போன படங்களும் உண்டு. ஆனாலும் 1982-இல் 'அங்கூர்' வந்தது. ஷேக்ஸ்பியரின் இரட்டையர் நாடகத்தைக் குல்ஸார் நம் நாட்டு மண்ணுக்குக் கொண்டுவந்தார். இரண்டு அசோக், இரண்டு பகதூர். அசோக் இருவரும் சஞ்சீவ் குமார், பகதூர் இருவரும் தேவன் வர்மா. ஒரு அசோக் துப்பறியும் நாவல் படித்துப் படித்து, யாரைக் கண்டாலும் தன் பணத்தைப் பறிக்க வந்த கும்பல் என்று நம்புகிறவன். மற்றவன் சாதாரணக் குடும்பஸ்தன். வேறு மீசை, வேறு மரு என்ற அடையாளம் எதுவும் வைக்கவில்லை. ஒரு அசோக்கிடம் சந்தேகப் பார்வை, மற்றவனிடம் வீட்டுக்காரனின் சலிப்பு. இரண்டு நிமிஷத்தில் யார் யார் என்று நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. இந்தியில் இதைவிடச் சிறந்த நகைச்சுவைப் படங்கள் என்று எண்ணினால் என் விரல்கள் சீக்கிரம் நின்றுவிடும்.

அவருக்கு இதயம் பலவீனம். அமெரிக்காவில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1985 நவம்பர் 6 அன்று மாரடைப்பில் காலமானார். வயது 47. நடித்து முடித்த படங்கள் அதன் பிறகும் வெளிவந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று கே. ஆசிப்பின் 'லவ் அண்ட் காட்'. அதில் நாயகன் கைஸாக முதலில் நடித்த குரு தத் 1964-இல் மறைந்தார். அந்த வேடத்தை சஞ்சீவ் குமாரிடம் கொடுத்த ஆசிப் 1971-இல் மறைந்தார். 1986-இல் படம் திரைக்கு வந்தபோது சஞ்சீவ் குமாரும் இல்லை. இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி 2013-இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

நேயர்களே, தமிழ்நாட்டில் அவரைத் தாக்கூராக மட்டும் அறிந்தவர்கள்தான் அதிகம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தி தெரியாது என்று தயங்க வேண்டாம். 'கோஷிஷ்' படத்திலிருந்து தொடங்குங்கள், அதில் நாயகனுக்கும் நாயகிக்கும் மொழியே கிடையாது. வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். அதற்கடுத்து 'அங்கூர்' பாருங்கள். பிறகு உங்களுக்கே தெரியும், எதைத் தேடிப் பார்ப்பது என்று.