கப்பலில் பயிலும் பிள்ளைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் அறிந்த சான்றோர் பலர் வீற்றிருக்கும் இம்மேடைக்கு, கப்பலில் துரு தட்டிய எங்களை அழைத்துப் பேசச் சொன்ன சங்கத்தாரின் துணிவைப் பாராட்டுகின்றோம். எங்களுள் ஒருவர் மாதுங்காவில் வளர்ந்தவர். மற்றவர் செம்பூரில் வளர்ந்தவர். இருவரும் ஒரே சரக்குக் கப்பலில் பயிற்சி மாணவர்களாக ஏறியவர்கள். ஆதலின் இருவர் சார்பிலும் இவ்வுரை நிகழ்கின்றது.

மாதுங்காவாயினும் தாராவியாயினும் செம்பூராயினும், தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிள்ளை பள்ளியிறுதித் தேர்வு முடித்தவுடன், "இவனைக் கப்பலுக்கு அனுப்பலாமா?" என்று எங்களைக் கேட்பதுண்டு. சம்பளம் எவ்வளவு என்று கேட்பர். எத்தனை நாடுகளைப் பார்க்கலாம் என்று கேட்பர். அங்கே அவனுடைய பொழுது எவ்வாறு கழியும் என்று கேட்பவர் மிகச் சிலர். அதனையே இன்று சொல்ல முற்படுகின்றோம்.

தமிழருக்கும் கப்பலுக்கும் இந்நகருக்கும் பழைய உறவு உண்டு. வ. உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபின், கப்பல் தேடிப் பம்பாய்க்குத்தான் வந்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. 1908இல் அவர் சிறைப்பட்டார்; 1911இல் நிறுவனமும் கலைந்தது. பின்னர் 1919 ஏப்ரல் 5ஆம் நாள் சிந்தியா நிறுவனத்தின் லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்வாணிப நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

கப்பலைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதனைச் செலுத்தும் அதிகாரிகளை நாமே வளர்த்தெடுக்க வேண்டுமன்றோ? அதற்காகவே 1927இல் டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பல் மஜகாவ் துறையருகே நிறுத்தப்பட்டது. 1972இல் அதன் இடத்தை ராஜேந்திரா ஏற்றது. 1993இல் பயிற்சி கரையேறி, நெருளில் சாணக்கியா என்னும் நிலையமாயிற்று. நாங்கள் ராஜேந்திராவின் பிள்ளைகள். அங்கே வெள்ளுடை அணிந்து அணிவகுத்தபோது, அதிகாரிகளாகிவிட்டோம் என்றே எண்ணினோம். சரக்குக் கப்பலில் ஏறிய முதல் நாளே அவ்வெண்ணம் அகன்றது.

அதிகாலை நான்கு மணிக்கு முதல் அதிகாரியுடன் காவல் முறை தொடங்கும். செலுத்தும் மேடையில் நின்று, எதிரே தெரியும் விளக்கு எக்கப்பலுடையது, அது எத்திசையில் செல்கின்றது என்று கூற வேண்டும். எட்டு மணிக்குக் காலை உணவு. அதன்பின் கொதிகல உடை அணிந்து மேல்தளத்திற்குச் செல்வோம். சாரங்கு காட்டும் இடத்தில் அமர்ந்து, சிறு சுத்தியலால் துருவைத் தட்டி, சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, சாயம் பூசுவோம். முன்னே தட்டி முடிப்பதற்குள் பின்னே துரு தோன்றிவிடும். நண்பகலில் செக்ஸ்டன்ட் கருவியால் கதிரவனின் உயரத்தை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவோம். அதிகாரியின் கணக்கும் எங்கள் கணக்கும் முதல் மாதத்தில் ஒத்துப்போனதே இல்லை. மாலை நான்கு முதல் எட்டு வரை மீண்டும் காவல். இரவில் பாடம் படித்து, பயிற்சிக் குறிப்பேட்டை எழுதி முடிக்கும்போது கண் தானே மூடிக்கொள்ளும்.

சரக்கு இறக்கியபின் சரக்கறையைக் கூட்டுவதும், அதன் அடியிலுள்ள பில்ஜ் குழிகளில் இறங்கி அழுகிய தானியத்தை வாளியில் அள்ளுவதும் எங்கள் வேலையே. படித்த வீட்டுப் பிள்ளை இதனைச் செய்வதா என்று எவரும் எண்ண வேண்டா. ஓர் அறையைக் கையால் துடைத்தறியாதவன், அவ்வறை தூயது என்று கையொப்பமிட முடியாது. எங்கள் முதல் அதிகாரியும் அக்குழிகளில் இறங்கி வந்தவரே. உணவைப் பொறுத்தவரை, பண்டாரி நன்றாகவே சமைப்பார். எனினும் வீட்டிலிருந்து கொண்டுசென்ற பருப்புப் பொடி தீர்ந்த அன்று, நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

1979ஆம் ஆண்டு எங்கள் கப்பல் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குக் கோதுமை ஏற்றச் சென்றது. கடற்கப்பல் ஏரிக்கு எவ்வாறு செல்லும் என்று நீங்கள் வியக்கலாம். 1959இல் திறக்கப்பட்ட செயின்ட் லாரன்ஸ் நீர்வழியே அதற்கு வாயில். இருபுறமும் கதவுள்ள பெருந்தொட்டி ஒன்றில் கப்பல் நுழையும், பின்கதவை மூடி நீரைப் பெருக்குவர், கப்பல் உயரும், முன்கதவு திறக்கும். வெல்லண்ட் கால்வாயில் மட்டும் இத்தகைய தொட்டிகள் எட்டு; அவை கப்பலை ஏறத்தாழ 100 மீட்டர் உயர்த்துகின்றன. அன்று பகல் முழுதும் கயிற்றை இழுத்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக எங்கள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. இறுதியில் வரும் சுபீரியர் ஏரி கடல்மட்டத்திற்கு மேல் 183 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் பரப்பு தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். கரையே தெரியாத அந்நீரை வாளியில் மொண்டு சுவைத்துப் பார்த்தோம், உப்பே இல்லை!

நன்னீரில் கப்பல் சற்று ஆழ்ந்தும், உப்புநீரில் சற்று உயர்ந்தும் மிதக்கும். எங்கள் கப்பலுக்கு அவ்வேறுபாடு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஏரியில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இக்கணக்கு வேண்டும். ஆதலின் நீரின் அடர்த்தியை அளப்பதும், கப்பலின் முன்னும் பின்னும் எழுதியுள்ள ஆழ எண்களைப் படிப்பதும் பயிற்சி மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நாங்கள் கூறும் எண்ணை நம்பியே பல ஆயிரம் டன் கோதுமை ஏறியது.

கனடாவின் தண்டர் பே துறையில் ஏற்றிக்கொண்டு நவம்பர் மாதத்தில் புறப்பட்டோம். சரக்கறைகளின் பில்ஜ் குழிகளில் நீர் சேர்ந்துள்ளதா என்று நாள்தோறும் காலையும் மாலையும் அளக்க வேண்டும். சுண்ணக்கட்டி பூசிய பித்தளைக் கோலைக் கயிற்றில் கட்டிக் குழாயினுள் இறக்கினால், நனைந்த அளவு தெரியும். அப்பணி கப்பல் தச்சருடையது. அவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் எங்களுக்கு வந்தது. காற்று வலுக்குமுன் அளந்து வருமாறு முதல் அதிகாரி பணித்தார். நாங்களோ தேநீர் அருந்திக் காலந்தாழ்த்தினோம். வெளியே வந்தபோது அலைத்துளி மேல்தளத்தில் விழுந்தவுடன் உறைந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த குழாய்களை அளந்தோம். முன்பக்கத்துக் குழாய்கள் இரண்டிற்கும் செல்லவில்லை. ஏட்டில் மட்டும் அவற்றுக்கு எதிரே, காலையில் கண்ட 5 சென்டிமீட்டரையே எழுதிவைத்தோம்.

மறுநாள் விடியலில் காற்று தணிந்தபின் அளந்தோம். ஒரு குழியில் 60 சென்டிமீட்டர் நீர் நின்றது! சரக்கறை மூடியின் இடுக்கு வழியே இரவெல்லாம் நீர் கசிந்திருந்தது. உடனே இறைத்துவிட்டனர், எனினும் ஒரு மூலையில் கோதுமை நனைந்து ஊதிப்போயிற்று.

எங்கள் முதல் அதிகாரி தூத்துக்குடியைச் சேர்ந்தவர். உரக்கப் பேசி அறியாதவர். ஏட்டைக் கொண்டுவரச் செய்தார். நாங்கள் எழுதிய எண்ணை அழிக்கவில்லை. அது தெரியும்படியே கோடிட்டு, பக்கத்தில் "அளக்கப்படவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டார். பின்னர், "தம்பி, போக முடியவில்லை என்று எழுதியிருந்தால் நான் கடிந்திருக்க மாட்டேன். போகாமலே எண்ணை எழுதினீர்கள். அதை நம்பி நான் உறங்கினேன்" என்றார். அவ்வளவே. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1975 நவம்பர் 10ஆம் நாள், அதே ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் தாதுக் கப்பல் புயலில் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் மாண்டனர் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். அன்று முழுதும் எங்களால் உண்ண இயலவில்லை.

அன்பர்களே! இதனை எங்கள் பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் வீட்டுக் கடிதம் துறைமுகத்து முகவர் கையில்தான் வந்து சேரும். நாங்கள் "இங்கு யாவும் நலம்" என்றே எழுதினோம். வீட்டாரும் அவ்வாறே எழுதினர். அப்பொழுது எங்களுள் ஒருவரின் தந்தையார் பம்பாயில் மருத்துவமனையில் படுத்திருந்தார். பிள்ளை கலங்குவானே என்று மறைத்தனர். அவன் ஊர் திரும்பியபோது தந்தையார் இல்லை. அதுவும் அளக்காமல் எழுதிய எண்ணே என்று பின்னர் நாங்கள் பேசிக்கொண்டோம். அன்பினால் எழுதியதாயினும், அதனை நம்பியவன் ஏமாந்தானன்றோ? கப்பலில் உள்ள பிள்ளைக்கு மெய்யை எழுதுங்கள். அவனும் மெய்யை எழுதுமாறு பழக்குங்கள். கைப்பேசி வந்துவிட்ட இந்நாளிலும் இவ்வறிவுரை பழையதாகவில்லை.

இக்காலத்து நிலையையும் கூறிவிடுகின்றோம். 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் அமைந்தது. சாணக்கியா நிலையமும் அதனைச் சேர்ந்ததே. ஓராண்டுப் பட்டயப் பயிற்சி பெற்றவர் 18 மாதம் கப்பலில் பயில வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரமேனும் ஓய்வு தரவேண்டும் என்பது உலகக் கடற்பணியாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. வேலை தருவதற்காகப் பணியாளரிடம் பணம் வாங்குவதை அவ்வுடன்படிக்கை தடுக்கின்றது. ஆகவே, "சில இலட்சம் கொடுங்கள், கப்பலில் ஏற்றிவிடுகின்றேன்" என்று வரும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பயிற்சிக் கூடமும் முகவரும் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றவரா என்று பாருங்கள். அவ்வலுவலகம் இந்நகரிலேயே உள்ளது. பெண்மக்களையும் தயங்காது கேளுங்கள். எண்ணெய்க் கப்பலின் தலைவராயிருந்த இராதிகா மேனன், 2015இல் புயலில் சிக்கிய மீனவர் எழுவரைக் காத்து, மறுஆண்டு உலகக் கடல்சார் அமைப்பின் வீரப் பரிசைப் பெற்றார்.

பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்பவர்க்கு எங்கள் விடை இதுவே: துரு தட்ட நாணாதவனாயின் அனுப்புங்கள். செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லும் துணிவு உடையவனாயின், மனநிறைவோடு அனுப்புங்கள். அத்துணிவைக் கப்பலில் கற்பதற்குப் பெருவிலை கொடுக்க நேரும். வீட்டில் கற்பது எளிது.