முதியோர் ரயில் சலுகை எங்கே போயிற்று?

(ஓய்வு பெற்றோரும் முதியோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு ரயில் டிக்கெட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2020-ம் வருஷம் மார்ச்சு வரை, 60 வயது நிறைந்த ஆண்களுக்கு அடிப்படை ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 தள்ளுபடி இருந்தது. 58 வயது நிறைந்த பெண்களுக்கு நூற்றுக்கு 50. அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி 200 ரூபாய் கொடுத்தால் போதும். தாத்தா 240 ரூபாய் கொடுப்பார்.

2020 மார்ச்சு 20-ந் தேதி இது நிறுத்தப்பட்டது. கொரோனா பரவுகிறது, அவசியமில்லாத பிரயாணத்தைக் குறைக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லிற்று. நியாயமான காரணம்தான். நோய் தணிந்தது. 2021 நவம்பரில் ரயில்கள் பழைய கட்டணத்துக்குத் திரும்பின. ஆனால் முதியோர் சலுகை திரும்பவில்லை. 2022-ல் பார்லிமெண்டில் கேட்டபோது காரணமே மாறிவிட்டது: சலுகை கொடுத்தால் ரயில்வேக்குச் செலவு கூடுகிறதாம்! நோய்க்காகப் பூட்டிய கதவை, நோய் போன பின்பு காசுக்காகப் பூட்டி வைத்தார்கள்.

சரி, எவ்வளவு காசு? சர்க்கார் பார்லிமெண்டில் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2019-20-ல் முதியோர் சலுகைக்கு ஆனது 1,667 கோடி ரூபாய். அந்த வருஷம் பிரயாணிகளிடமிருந்து ரயில்வேக்குக் கிடைத்த வருமானம் சுமார் 50,000 கோடி. நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம்! இந்த மூன்று ரூபாயில்தானா ரயில்வே முழுகிவிடும்?

மறுபக்கத்தையும் பாருங்கள். சலுகை நின்ற அந்த வருஷத்தில், 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியோரின் பென்ஷனில் மத்திய சர்க்காரின் பங்கு மாதம் 200 ரூபாய். நான் சொன்ன அந்தப் பாட்டி ஒரு டிக்கெட்டில் இழந்ததும் 200 ரூபாய். ஒரு கையால் ஒரு மாதத்துக்குக் கொடுத்ததை, மறு கையால் ஒரே பிரயாணத்தில் வாங்கிக்கொண்டார்கள்!

“எல்லாப் பிரயாணிகளுக்கும் சலுகை கொடுக்கிறோமே, 100 ரூபாய் செலவுக்கு 54 ரூபாய்தானே வாங்குகிறோம்” என்று 2024-ல் ரயில்வே மந்திரி கணக்குச் சொன்னார். மாதச் சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்காரருக்கும், வருமானம் நின்றுபோன எழுபது வயதுக்காரருக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் இதன் பொருள். கேட்ட கேள்விக்கு இது பதிலாகுமா?

நோயாளிகளுக்குச் சலுகை உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் அது குறிப்பிட்ட சில வியாதிகளுக்கு மட்டுமே. முழங்கால் வலிக்கு வைத்தியம் தேடிப் போகிறவர், மகளின் பேறுகாலத்துக்குப் போகிற தாய், உடன்பிறந்தவனின் சாவுக்குப் போகிற கிழவர், இவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் ஏது?

“பணக்காரக் கிழவர்களுக்கு எதற்குச் சலுகை?” என்று கேட்கிறவர்களும் உண்டு. விரும்பினால் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்ற ஏற்பாடு 2016-லேயே வந்துவிட்டது. அது போதாதென்றால் வேறு வழியும் உண்டு. தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றாம் ஏ.சி.யிலுமாவது சலுகையைத் திரும்பக் கொடுப்பது பற்றி யோசியுங்கள் என்று பார்லிமெண்டின் ரயில்வே நிலைக்குழு 2022-ல் சிபாரிசு செய்தது. எல்லாக் கட்சியினரும் இருக்கும் குழு அது. அதன் சொல்லையாவது கேட்டிருக்கலாம்.

மனமிருந்தால் முடியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? சென்னை நகரப் பஸ்களில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கும் திட்டம் 2016-ல் வந்தது. கொரோனாவில் அதுவும் நின்றது; 2022-ல் திரும்ப வந்தது. அதே 2022-ல் மகாராஷ்டிரம் தன் அரசு பஸ்களில் 75 வயது கடந்தவர்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்றது. அங்கேயும் டீசலுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்!

பெரியோர்களே! தண்டவாளம் போட்டவர்களும், மூட்டை சுமந்தவர்களும், நாற்பது வருஷம் முழுக் கட்டணம் கொடுத்துப் பிரயாணம் செய்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ரயில்வேயை வளர்த்தவர்கள் நீங்கள். ஆகவே தலை நிமிர்ந்து கேளுங்கள். ஊருக்கு ஊர் கையெழுத்து வாங்குங்கள்; ஓட்டுக் கேட்டு வந்த எம்.பி.யின் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தூங்கும் வசதி வகுப்பிலிருந்து தொடங்கட்டும். எடுத்த சலுகையைத் திரும்பக் கொடுக்கட்டும்!