நம்ம வீடியோ நம்ம கையில இருக்கணும்

(திருத்தணியில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வந்தா நமக்குப் பழகின காட்சிதான். ஆந்திரா பக்கம் அணையைத் திறப்பாங்க, கொசஸ்தலை ஆத்துல தண்ணி வரும், பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலம் மூழ்கும். உடனே வாட்ஸ்அப்ல ஒரு முப்பது செகண்ட் வீடியோ சுத்தும். இன்னிக்கு எடுத்ததா, மூணு வருஷத்துக்கு முன்ன எடுத்ததா, யாருக்கும் தெரியாது. பழசுன்னா ஜனங்க வீணா பயப்படுறாங்க. புதுசாவே இருந்தாலும், "இது பழைய வீடியோப்பா"ன்னு சொல்லி நம்ம கோரிக்கையைத் தள்ளிவிட முடியுது. உயர்மட்டப் பாலம் கேட்டு மனு கொடுக்கும்போது, வருஷா வருஷம் எடுத்த வீடியோ இடம், தேதியோட கையில இருந்தா அந்த மனுவுக்கே தனி பலம்.

ஆனா நாம எடுத்ததெல்லாம் எங்க கிடக்கு? ஏதோ ஒரு கம்பெனி சர்வர்ல. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, டிக்டாக் அதில் ஒன்று. தடை சரியா தப்பா என்பது வேற விவாதம். கிராமத்துல உட்கார்ந்து லட்சக்கணக்கான பேரைச் சேர்த்து வச்சிருந்தவங்களுக்கு அந்தக் கூட்டம் ஒரே ராத்திரியில இல்லாம போச்சு. சரி, சொந்த நாட்டுச் செயலின்னு கொண்டாடின 'கூ'? 2024 ஜூலையில மூடிட்டாங்க.

இதை நம்ம ஊருக்கு நான் விளக்கத் தேவையில்ல. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நின்ற எல்லைப் போராட்டத்தாலதான் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மோடு சேர்ந்தது. ம.பொ.சி. கையில 'செங்கோல்' பத்திரிகை இருந்தது. பெரியாருக்கு 'குடி அரசு', அண்ணாவுக்கு 'திராவிட நாடு', கம்யூனிஸ்டுகளுக்கு 'ஜனசக்தி'. அடுத்தவன் பத்திரிகையில இடம் கொடுப்பானான்னு அவங்க யாரும் காத்திருக்கல.

இன்னிக்கு அதுக்கு வழி, பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள். பேருதான் பெருசு. ஜிமெயில்ல இருந்து யாகூவுக்கு மெயில் போகுதுல்ல, அதே மாதிரிதான். நம்ம சர்வர்ல போட்ட வீடியோவை வேற சர்வர்ல இருக்கிறவர் அங்கிருந்தே பார்க்கலாம், ஷேர் பண்ணலாம். சர்வர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுற பொது மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018-ல உலக இணையக் கூட்டமைப்பு அதைத் தரமா அறிவிச்சது. எழுத்துக்கு மாஸ்டடான், வீடியோவுக்கு பியர்டியூப், குறும்வீடியோவுக்குன்னே லூப்ஸ். பியர்டியூப்ல ஒரே நேரத்துல பல பேர் பார்த்தா, பார்க்கிறவங்க பிரவுசர்களே வீடியோவைத் துண்டு துண்டா பகிர்ந்துக்க முடியும். சர்வர் செலவு அந்த அளவுக்குக் குறையும்.

"தம்பி, அங்க யாரு இருக்கா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2019-ல உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே கணக்கை ட்விட்டர் முடக்கினப்ப, நவம்பர்ல நம்ம நாட்டுல நிறைய பேர் மாஸ்டடானுக்குப் போனாங்க. பலர் திரும்பியும் வந்துட்டாங்க. சொந்தக்காரன் இல்லாத தெருவுல எத்தனை நாள் குடியிருக்க முடியும்? அதனால இன்ஸ்டாகிராமை விடச் சொல்லல. முழு வீடியோ முதல்ல நம்ம சர்வர்ல ஏறணும். அதுல இருந்து வெட்டின கிளிப் ரீல்ஸுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகட்டும், கீழே முழு வீடியோவோட லிங்க் கட்டாயம். நம்ம தலைவர் பேச்சை யாராவது பாதியில வெட்டிப் போட்டா, அந்த லிங்க்தான் பதில். எதிர்க்கட்சிக்காரர் பேச்சை நாம வெட்டிப் போடுறதும் இதோட நிக்கணும், அதையும் சேர்த்தேதான் சொல்றேன்.

ஒரு எச்சரிக்கை. நாம டெலீட் பண்ணினா மத்த சர்வர்களுக்குத் தகவல் போகும், ஆனா அங்கேயும் அழிஞ்சிடும்னு உத்தரவாதம் கிடையாது. தண்ணி வண்டிக்குக் குடத்தோட நிக்கிற அக்காவோட முகத்தை அவங்க சம்மதம் இல்லாம ஏத்தாதீங்க. குழந்தைங்க முகம் வேண்டவே வேண்டாம்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை கிளைக்கு ஒருத்தர் போன், சார்ஜரோட வாங்க. போன்ல இருக்கிற தரைப்பாலம் வீடியோ எல்லாத்தையும் ஊர், தேதி போட்டு ஏத்தப் போறோம். வாட்ஸ்அப்ல வந்தது வேண்டாம், நீங்களே எடுத்த ஒரிஜினல் மட்டும். எல்லையோர ஊர்களுக்காக சப்டைட்டில் போட, தெலுங்கு எழுதத் தெரிஞ்ச ரெண்டு பேர் வேணும். கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் கொடுங்க.